கோயிற் கற்சிற்பங்களும் கலைநோக்கு ஒளிப்படமும்: ஒளித்திசையை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச்சுருக்கம்

கோயிற் கற்சிற்பங்களை ஆராய்வோர் நேரில் கண்டு அறிபவற்றைவிட ஒளிப்படங்களின் வழியே அறிபவையே மிகுதி. அப்படங்களுள் பல கலைநோக்குடன் எடுக்கப்பட்டவை. ஒளி, கோணம், சட்டக எல்லை ஆகிய மூன்றையும் எடுத்தவரே தேர்ந்திருப்பார். அத்தேர்வுகளோ படக்குறிப்பில் பதிவாவதில்லை. இதனால் ஒளியின் விளைவு சிற்பியின் பாணியாக வாசிக்கப்பட இடமேற்படுகிறது. பல்லவர், சோழர் காலச் சிற்பங்கள் சிலவற்றைச் சான்றாகக் கொண்டு இச்சிக்கலை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: கற்சிற்பம், புடைப்புச் சிற்பம், கலைநோக்கு ஒளிப்படம், சாய்வொளி, தேவகோட்டம், படக்குறிப்பு

முன்னுரை

முற்காலச் சோழர் கோயில்கள் இரண்டின் தட்சிணாமூர்த்தி வடிவங்களை ஒப்பிடும் ஆய்வேடு ஒன்றை அண்மையில் படிக்க நேர்ந்தது. இரண்டும் தென்புறத் தேவகோட்டத்தில் அமைந்தவை. ஒன்றன் உடல் கோட்டத்திலிருந்து நன்கு பிதுங்கித் தோன்றுகிறது. மார்பும் மடித்த காலும் திரட்சியுடன் உள்ளன. மற்றொன்று தட்டையாக, சுவரோடு ஒட்டியதுபோல் தெரிகிறது. இவ்வேறுபாட்டைப் பாணி வளர்ச்சியாகக் கொண்டு, முன்னதைப் பிற்பட்டதென்றும் பின்னதை முற்பட்டதென்றும் ஆய்வாளர் காலவரிசைப்படுத்தியிருந்தார். படங்கள் எப்போது எடுக்கப்பட்டன என்று அவரிடம் கேட்டபோது, முதலாவது மார்கழியிலும் இரண்டாவது ஆனியிலும் எடுக்கப்பட்டவை என்று தெரியவந்தது. மார்கழியில் தென்சுவரில் வெயில் நேராக விழும். ஆனியில் விழவே விழாது. ஆய்வாளர் அளந்தது புடைப்பின் ஆழத்தையா, வெயிலின் சாய்வையா என்பதை அப்படங்களைக் கொண்டு மட்டும் உறுதிசெய்ய முடியவில்லை.

இது தனியொருவரின் கவனக்குறைவன்று. சிற்பத்தைப் படத்தட்டில் அடுத்தடுத்து வைத்து ஒப்பிடுவது இத்துறையின் அடிப்படை முறையாகவே வளர்ந்திருக்கிறது. எஸ். ஆர். பாலசுப்பிரமணியம் (1966, 1971), டக்ளஸ் பாரெட் (1974) ஆகியோரின் முற்காலச் சோழர் கலை பற்றிய நூல்களைப் படத்தட்டுகள் இன்றிப் பயில்வது கடினம். அவர்கள் களத்தில் நேரில் கண்டு எழுதினர். அந்நூல்களைப் பயிலும் நாமோ பெரும்பாலும் தட்டுகளைக் கண்டு எழுதுகிறோம்.

கலை என்னும் தகுதி

கலைநோக்கு ஒளிப்படம் என்பது சிற்பத்தை அடையாளம் காட்டுவதோடு நில்லாமல், காண்போரிடம் ஓர் அழகனுபவத்தை எழுப்பும் நோக்கில் அமைக்கப்படுவது. இந்தியச் சிற்பம் ‘கலை’யாக மேலைநாட்டு அருங்காட்சியகங்களில் ஏற்கப்பட்டதும் ஒளிப்படம் ‘கலை’யாக ஏற்கப்பட்டதும் ஏறத்தாழ ஒரே காலத்தில் நிகழ்ந்தவை. இரண்டிலும் ஒரே மனிதரின் கை இருந்தது. கொழும்பில் 1877ஆம் ஆண்டு பிறந்தவரும் முத்து குமாரசுவாமியின் மகனுமான ஆனந்த குமாரசுவாமி, 1917 முதல் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இந்தியக் கலைப் பிரிவின் பொறுப்பில் இருந்தார். அவர் முயற்சியால் 1924இல் ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸின் 27 ஒளிப்படங்கள் அவ்வருங்காட்சியகத்தின் தொகுப்பில் சேர்ந்தன. அமெரிக்கப் பெரும் அருங்காட்சியகங்கள் ஒளிப்படத்தைக் கலைப்பொருளாக ஏற்ற தொடக்க நிகழ்வுகளுள் இஃது ஒன்று. சிற்பத்துக்காக வாதாடியவரே ஒளிப்படத்துக்காகவும் வாதாடினார் என்பது தமிழ் ஆய்வுலகில் போதிய அளவு பேசப்படாத செய்தி.

படத்தின் வழியே சிற்பத்தை வாசிப்பதற்குப் புகழ்பெற்ற முன்மாதிரி பிரெஞ்சுச் சிற்பி ரொதான். சென்னை அருங்காட்சியகத்து நடராசர் திருமேனி பற்றி அவர் 1913இல் எழுதிய கட்டுரை, அவர் மறைவுக்குப் பின் 1921இல் வெளியாயிற்று. அவர் இந்தியாவுக்கு வந்ததில்லை. அவர் முன் இருந்தவை ஒளிப்படங்களே. அது செப்புத் திருமேனியாயினும் இங்கு எழும் வினா கல்லுக்கும் பொருந்தும். ரொதான் வியந்த நிழல்களுள் எத்தனை சிற்பியுடையவை, எத்தனை விளக்கை வைத்தவருடையவை?

கற்சிற்பத்தில் இந்நோக்கை முழுமையாகக் கையாண்டவர் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ரேமோன் பூர்னியே (1912–1968). காசியில் ஆலென் தனியேலுவுடன் தங்கியிருந்த காலத்தில் கஜுராஹோ, புவனேசுவரம் முதலிய இடங்களின் சிற்பங்களை அவர் படமாக்கினார். இசுடெல்லா கிராம்ரிஷின் இந்துக் கோயில் பற்றிய பெருநூலில் (1946) அவர் படங்கள் இடம்பெற்றன. 1949இல் நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் காட்சிக்கும் வைக்கப்பட்டன. கோயிலின் சுவரில் நூற்றுக்கணக்கானவற்றுள் ஒன்றாக நிற்கும் உருவம், அவருடைய சட்டகத்தில் தனியொருவராக நிற்கிறது. இம்முறையின் ஆற்றலை மறுப்பதற்கில்லை. ஆனால் தரையில் நின்று அண்ணாந்து காணும் வழிபடுவோர் எவரும் அச்சிற்பத்தை அவ்வாறு கண்டிருக்க முடியாது.

கதிரவனின் பாதையும் கோட்டச் சிற்பமும்

புடைப்புச் சிற்பத்தின் வடிவம் நிழலால் அறியப்படுகிறது. ஒளி நேர் எதிரிலிருந்து விழுந்தால் நிழல்கள் உருவத்தின் பின்னே மறைந்துவிடும். ஆழம் குன்றித் தோன்றும். பக்கவாட்டிலிருந்தோ மேலிருந்தோ சுவரை ஒட்டிச் சாய்ந்து விழுந்தால் சிறு மேடுகூட நீண்ட நிழலை வீழ்த்தும். ஆழம் மிகுந்து தோன்றும். இப்பின்னதைச் சாய்வொளி என்கிறோம். கலைநோக்கு ஒளிப்படக்கலைஞர்கள் பெரிதும் விரும்புவது இதனையே.

தமிழகக் கோயில்களில் எந்தச் சுவருக்கு எப்போது சாய்வொளி கிடைக்கும் என்பதை நிலநேர்க்கோடே தீர்மானிக்கிறது. தஞ்சாவூர் ஏறத்தாழ வடக்கு 10 பாகை 47 கலையில் உள்ளது. எனவே அங்கு நண்பகற் கதிரவன் சித்திரை முதல் வாரத்தில் (ஏப்ரல் 19ஐ ஒட்டி) உச்சிக்கு வருகிறான். அதன்பின் உச்சிக்கு வடக்கே சென்று, ஆவணி இரண்டாம் வாரத் தொடக்கத்தில் (ஆகஸ்டு 24ஐ ஒட்டி) மீண்டும் உச்சியைக் கடந்து தெற்கே திரும்புகிறான். வட இந்தியச் சமவெளியின் பெரும்பகுதியில் நண்பகற் கதிரவன் ஒருபோதும் உச்சிக்கு வடக்கே செல்வதில்லை. ஆகவே அங்குள்ள கோயில்களைப் படமெடுப்போருக்கான கையேட்டு விதிகளை இங்கு அப்படியே கொள்ள இயலாது.

இதன் விளைவு சோழர் கோயிலின் கோட்ட அமைப்பில் நேரடியாகத் தெரிகிறது. கருவறையின் தெற்கே தட்சிணாமூர்த்தி, மேற்கே இலிங்கோத்பவர், வடக்கே நான்முகன், அர்த்தமண்டபத்தின் வடசுவரில் துர்க்கை என்பது பரவலாக அறியப்பட்ட முறை. கிழக்கு நோக்கிய, திசைப் பிசகாத கோயிலொன்றில் சூன் மாத இறுதியில் கதிரவன் கிழக்குக்கு வடக்கே ஏறத்தாழ 24 பாகை விலகி எழுகிறான். நாள் முழுதும் வடபாதியிலேயே இயங்குகிறான். அப்போது தட்சிணாமூர்த்தியின் மேல் ஒரு கதிரும் நேராக விழாது. தரையிலும் திருச்சுற்று மதிலிலும் பட்டுத் திரும்பும் பரவொளி மட்டுமே கிடைக்கும். அதே காலைப்பொழுதில் வடசுவரின் துர்க்கைக்கோ சுவரை உரசிச் செல்லும் சாய்வொளி ஆண்டிலேயே மிகச் சிறப்பாக அமையும். திசம்பரில் நிலைமை தலைகீழ். நண்பகலில் கதிரவன் தென்வானில் ஏறத்தாழ 56 பாகை உயரத்தில் நிற்பதால், கபோதத்தின் நிழலைத் தாண்டி ஒளி தென்கோட்டத்தின் உள்ளே எட்டுகிறது. பங்குனி, புரட்டாசி மாதங்களின் நண்பகலில் கதிரவன் 79 பாகை உயரத்தில் இருக்கும்போது, அதே கோட்டத்தில் கபோத நிழல் முகத்தை மூடி முழங்காலை மட்டும் ஒளிரச் செய்வதைக் காணலாம். மகரதோரணத்தின் ஆழமும் கோட்டத்தின் ஆழமும் கோயிலுக்குக் கோயில் மாறுவதால் இந்நிழலின் எல்லையும் மாறும்.

ஆகவே, நான்முகன் சிற்பங்களைத் தட்சிணாமூர்த்தி சிற்பங்களோடு ஒரே நாளில் ஒரே கருவியால் எடுத்து, ‘ஒரே நிலைமையில் எடுக்கப்பட்டவை’ என்று குறிப்பதும் பொருந்தாது. கருவி ஒன்றாயினும் ஒளி வேறு.

மாமல்லபுரத்தின் இரு சான்றுகள்

கங்கையின் இறக்கம் என்றும் அருச்சுனன் தவம் என்றும் இருவேறாகப் பெயர் சூட்டப்படும் பெரும் புடைப்புச் சிற்பத் தொகுதி, ஏறத்தாழ 30 மீட்டர் அகலமும் 13 மீட்டர் உயரமும் கொண்ட பாறைமுகத்தில் கிழக்கு நோக்கி அமைந்துள்ளது. கதிரவன் எழுந்தவுடன் ஒளி நேராக முகத்தில் விழுவதால் நூற்றுக்கும் மேற்பட்ட உருவங்கள் ஒரே தளத்தில் ஒட்டியவைபோல் தெரியும். வண்ணம் இனிதாயிருப்பதால் அஞ்சலட்டைப் படங்கள் பலவும் இவ்வேளையையே நாடுகின்றன. முற்பகல் ஏற ஏற ஒளி மேலிருந்து சரிகிறது. யானைகளின் வயிற்றுத் திரட்சியும் தவமிருக்கும் முனிவரின் விலா எலும்புகளும் அப்போது வெளிப்படும். யானையின் காலடியில் பொய்த்தவம் செய்யும் பூனையையும் அப்போதுதான் எளிதில் பிரித்தறியலாம். நண்பகலுக்குப் பின் பாறைமுகம் முழுதும் நிழலில் ஆழ்ந்துவிடும். பாறையின் நடுப்பிளவே இத்தொகுதியின் பொருள்விளக்கத்துக்கு மையம். நாகர்கள் எழுவது அதிலேதான். அது நேரொளியில் வெறும் கோடாகவும், மேற்சாய்வொளியில் ஆழ்ந்த நீர்வழியாகவும் தோன்றுகிறது. எந்தப் பெயரை ஏற்பது என்னும் விவாதத்தில் படத்தைச் சான்றாகக் காட்டுவோர் இதனைக் கருத்தில் கொண்டதாகத் தெரியவில்லை.

மகிடாசுரமர்த்தினி குகையோ வேறு வகை. குகை கிழக்கு நோக்கியது. துர்க்கைப் புடைப்பு வடசுவரில் உள்ளது. ஆதலால் குகைவாயிலின் ஒளி, சிற்பத்தைக் காண்பவருக்கு எப்போதும் வலப்புறத்திலிருந்தே வருகிறது. சிங்கத்தின் மேல் அமர்ந்து வில்லேந்திய துர்க்கை இடப்புறமிருந்து வலப்புறமாக, அதாவது ஒளி வரும் திசை நோக்கி, முன்னேறுகிறாள். எருமைத்தலை அசுரன் பின்வாங்குவதும் அத்திசையிலேயே. இங்குச் சாய்வொளி ஒளிப்படக்கலைஞரின் தேர்வாக இல்லை. குகையின் அமைப்பே அதனைத் தருகிறது. பல்லவச் சிற்பி இதனை எண்ணியே உருவங்களை இவ்வாறு திசைப்படுத்தினான் என்று நிறுவ என்னிடம் சான்றில்லை. ஆயினும் கருவியின் மின்னொளியை எதிரே வீசி எடுத்த படம் இவ்வுறவை அடியோடு அழித்துவிடுகிறது என்பது உறுதி. அத்தகைய படத்தை வைத்து இச்சிற்பத்தின் இயக்கத்தைப் பேசுவது, பாட்டின் சந்தத்தை உரைநடைச் சுருக்கத்திலிருந்து பேசுவது போன்றது.

ஒளித்திசை பற்றி இன்னொரு செய்தி. ஒளி மேலிருந்து வருவதாகக் கொள்வது மனிதக் காட்சியின் இயல்பு. கீழிருந்து ஒளியூட்டிய படத்தில் பள்ளம் மேடாகவும் மேடு பள்ளமாகவும் மாறித் தோன்றக்கூடும். கல்வெட்டுப் படங்களைத் தலைகீழாகப் பார்க்க நேர்ந்தவர்கள் இதை அறிவர். இரவில் தரைவிளக்குகளால் ஒளியூட்டப்பட்ட சிற்பங்களின் படங்கள் இன்று பெருகி வருகின்றன. இவற்றில் கண்ணிமையும் உதட்டோரமும் காட்டும் ‘பாவனை’யைப் பாணி ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளாமலிருப்பதே நன்று.

சட்டகத்துக்கு வெளியே

ஒளிக்கு அடுத்தது எல்லை. தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலின் அடித்தளப் பகுதியில் பெரியபுராண நிகழ்ச்சிகளைக் காட்டும் சிறு புடைப்புகள் வரிசையாக உள்ளன. அளவிற் சிறியனவாயினும், அடியார் வரலாறு கல்லில் இத்துணை விரிவாக வடிக்கப்பட்டது அரிது. இவற்றுள் பலவற்றின் மேல் பெயர் குறிக்கும் கல்வெட்டுப் பொறிப்பு உண்டு. உருவத்தின் நளினத்தை மட்டும் கருதி இறுகக் கத்தரிக்கப்பட்ட படத்தில் இப்பொறிப்பு வெட்டுப்பட்டுவிடுகிறது. அடையாளத்துக்கு ஐயமற்ற சான்று கல்லிலேயே இருக்க, படத்தை மட்டும் கண்டவர் உருவ அமைதியைக் கொண்டு ஊகிக்கத் தொடங்குகிறார். முன்பின் உள்ள காட்சிகளின் வரிசையும் அதே வெட்டில் போய்விடுகிறது.

தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல்தள உட்சுற்றில் கரணச் சிற்பங்கள் 81 உள்ளன. எஞ்சிய 27க்குரிய கற்கள் செதுக்கப்படாமல் விடப்பட்டுள்ளன. வேலை எவ்வாறு நடந்தது, எவ்விடத்தில் நின்றது என்னும் வினாக்களுக்கு அவ்வெற்றுக் கற்களே முதன்மைச் சான்று. ஆனால் அவற்றைப் படமெடுக்க எந்தக் கலைஞருக்கும் காரணம் இல்லை.

குடந்தை நாகேசுவரன் கோயிலின் கோட்டங்களுக்கு இடையே நிற்கும் ஆண், பெண் உருவங்கள் அரச குடும்பத்தினரின் உருவச்சிலைகள் என்பர் ஒரு சாரார். இராமாயணப் பாத்திரங்கள் என்பர் மற்றொரு சாரார். முகத்தை மட்டும் நிரப்பி, முக்காற்பக்கக் கோணத்தில் எடுக்கப்பட்ட அண்மைப் படங்கள் இவ்வுருவங்களுக்குத் தனிமனிதச் சாயலை ஏற்றுகின்றன. ஓவியக்கூடத்து உருவப்படத்தின் மரபு அது. சுவரோடு சேர்த்து, கீழேயுள்ள சிறு புடைப்புகளையும் உள்ளடக்கிப் பார்த்தால் கதைத் தொடர்ச்சியே முதலில் கண்ணுக்குப் படுகிறது. முதற்கருத்து செல்வாக்குப் பெற்றதில் இவ்வண்மைப் படங்களுக்குப் பங்கு உண்டென்றே கருதுகிறேன்.

கல்லின் மேற்பரப்பு

கருங்கல்லில் படிகக் குருணைகள் கலந்திருப்பதால் கடும் வெயிலில் அதன் மேற்பரப்பு மினுக்குற்று வடிவத்தைக் கலைக்கும். ஒரே சாய்வொளி கருங்கல்லில் ஒருவகையாகவும், கஜுராஹோவின் மணற்கல்லிலோ போசளர் கோயில்களின் மாக்கல்லிலோ வேறுவகையாகவும் செயற்படும். காஞ்சி கைலாசநாதர் கோயிலில் மணற்கல் உருவங்களின் மேல் பிற்காலச் சுதைப்பூச்சு பல இடங்களில் உள்ளது. கறுப்பு வெள்ளைப் படத்தில் சுதையும் கல்லும் ஒரே சாம்பல் நிறமாகிவிடுவதால், பிற்காலக் கைவேலை இராசசிம்மன் காலத்ததாக வாசிக்கப்படலாம்.

வழிபாட்டிலுள்ள சிற்பங்கள் எண்ணெய்க் காப்பால் கருத்தும் ஆடை போர்த்தியும் இருக்கும். ஆடையை விலக்கிப் படமெடுக்கக் கோருவது முறையன்று, கேட்டாலும் கிடைப்பதில்லை. அதனால் கலைநோக்குப் படங்கள் வழிபாடு அருகிய கோயில்களையே மிகுதியும் சார்ந்துள்ளன. நம் நூல்களில் திரும்பத் திரும்ப வரும் சிற்பங்கள் சிறந்தவை என்பதனாலா, எளிதில் படமெடுக்கக் கூடியவை என்பதனாலா என்று கேட்டுக்கொள்ள வேண்டியுள்ளது.

ஆவணமாகும் படம்

இதுவரை கூறியவற்றால் கலைநோக்குப் படம் ஆய்வுக்கு உதவாதது என்று கொள்ளலாகாது. சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்கலைஞராகப் பணியாற்றிய லின்னேயஸ் டிரைப் 1858இல் மதுரை, தஞ்சை முதலிய ஊர்களில் எடுத்த படங்கள் அமைப்பழகு மிக்கவை. மெழுகு ஊட்டிய காகித எதிர்ப்படங்களைக் கொண்டு அவர் பணிபுரிந்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளைச் சுற்றிவந்து எடுத்து, 21 அச்சுகளை ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே தொடர்படமாக்கினார். இக்கல்வெட்டுகளை ஹுல்ட்ஸ் பதிப்பித்து வெளியிடத் தொடங்குவதற்கு முப்பதாண்டுகள் முன்னரே நிகழ்ந்த பணி இது. அதே டிரைப், அக்கால வேதிப்பூச்சு வானத்தை வெறும் வெண்மையாகக் காட்டியதால், சில எதிர்ப்படங்களில் முகில்களைக் கையால் வரைந்து சேர்த்தவர். ஒரே கையில் ஆவணமும் ஒப்பனையும் இருந்தன. எது எங்கே என்று அறிந்தால் இரண்டும் நமக்குப் பயன்படும்.

அழகை நோக்காத எளிய படங்களின் மதிப்பும் எதிர்பாராத வகையில் வெளிப்படும். 1955இல் நிறுவப்பட்ட புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் தொகுப்பில் தென்னிந்தியக் கோயில்களின் படங்கள் ஓர் இலட்சத்துக்கும் மேல் உள்ளன. விருத்தாசலம் விருத்தகிரீசுவரர் கோயிலின் அர்த்தநாரீசுவரர் கற்சிற்பத்தை ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடம் 2004இல் விலைக்கு வாங்கியிருந்தது. அச்சிற்பம் கோயிலில் நின்ற நிலையில் முன்பே எடுக்கப்பட்டிருந்த படங்கள் அதன் இருப்பிடத்தைக் காட்டிக்கொடுத்தன. 2014இல் அது இந்தியாவிடம் திருப்பி ஒப்படைக்கப்பட்டது. கறுத்த பின்னணியில் தனியுருவாக மட்டும் அது படமாகியிருந்தால், எந்தச் சுவருக்கு உரியது என்று காட்டுவது இவ்வளவு எளிதாயிருந்திராது. திருப்பணியின்போது மணல்வீச்சு முறையால் மேற்பரப்பு தேய்ந்துபோன சிற்பங்களுக்கும் இது பொருந்தும். தேய்வுக்கு முன் எடுத்த படமே அங்கு எஞ்சும் சான்று.

படக்குறிப்பில் இடம்பெற வேண்டியவை

இன்று ஆய்வேடுகளில் ‘படம்: ஆய்வாளர்’ என்ற அளவில் குறிப்பு நின்றுவிடுகிறது. கோயில், ஊர், சுவரின் திசை, நாள், மணி, நேர்க்கதிரா பரவொளியா செயற்கையொளியா என்ற விவரம், படம் கத்தரிக்கப்பட்டதா என்ற விவரம் ஆகியன இரண்டே வரிகளில் அடங்கும். நாளும் மணியும் இருந்தால் கதிரவனின் இடத்தைப் பிறர் கணித்துக்கொள்ளலாம். புடைப்பின் ஆழம் பற்றி வாதிடுவோர் ஒரு சாய்வொளிப் படத்தையும் ஒரு பரவொளிப் படத்தையும் அருகருகே தருதல் வேண்டும். கூடவே அளவுகோல் கொண்டு அளந்த ஆழமும் இருந்தால் படத்தின் சுமை குறையும். தனியுருவப் படத்தோடு அவ்வுருவம் நிற்கும் சுவரின் முழுப்படமும் ஒன்று இருத்தல் நலம்.

கைப்பேசிக் கருவிகளைப் பற்றித் தனியே எச்சரிக்க வேண்டியுள்ளது. இவை ஒரே நொடியில் பல படங்களை எடுத்து இணைத்து, நிழலை வெளிறச் செய்து, ஒளிமிக்க இடத்தை அடக்கிவிடுகின்றன. பயன்படுத்துவோர் எதையும் தேர்வதில்லை, கருவி தேர்ந்துவிடுகிறது. கபோத நிழலில் இருந்த முகம் படத்தில் தெளிவாகத் தெரிவது இதனால்தான். தெளிவு பயனுடையதே; ஆனால் அந்நிழல் அங்கே இருந்தது என்ற செய்தி போய்விடும். திருத்தப்படாத மூலக்கோப்பாகச் சேமிக்கும் வசதி உள்ள கருவிகளில் அதனையே பயன்படுத்தலாம்.

ஒளியின் திசையை மாற்றி மாற்றிப் பல படங்கள் எடுத்து, பின்னர் கணினித் திரையில் விரும்பிய கோணத்தில் ஒளியூட்டிப் பார்க்கும் முறையை டாம் மால்ஸ்பெண்டரும் உடன் பணியாற்றியோரும் 2001இல் வெளியிட்டனர். தேய்ந்த கல்வெட்டுகளுக்கும் தாராசுரம் போன்ற சிறு புடைப்புகளுக்கும் அது மிக ஏற்றது. செலவும் பெரிதன்று, ஒரு கருவி, ஒரு முக்காலி, கையில் பிடிக்கும் ஒரு விளக்கு, ஒளியின் திசையைக் கணிக்கச் சட்டகத்தின் ஓரத்தில் வைக்கும் பளபளப்பான சிறு கோளம் ஆகியவை போதும். முக்காலிக்கும் விளக்குக்கும் முன் அனுமதி பெறுவதே இதில் மிகுந்த காலத்தை எடுக்கும் வேலை. ஆய்வுத் திட்டத்தின் முதல் மாதத்திலேயே அவ்விண்ணப்பத்தை அனுப்பிவிடுவது நல்லது. தென்சுவரைப் படமெடுக்க எண்ணுவோர் மார்கழிக்கு முன்னரே அது கைக்கு வரும்படி பார்த்துக்கொள்ள வேண்டும்.